இட்டேரியில் மலைச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே, தடாகம் ரோட்டுப் பக்கம் இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் மண் பாதையில், பெரும்பாலும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித் தடம்), மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு போட்டி, ஒரு நீண்ட பயணம். பத்து வருஷமாக இப்படித்தான். டீக்கடையில், ரயிலில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டுகிறவன்.

இது கியர் சைக்கிள்தானே? என் பையன்கிட்டயும் இருக்கே?

கியர் இருப்பதாலேயே ஒரு சைக்கிள் மலைச் சைக்கிள் ஆகிவிடாது. மண்ணைப் பிடிக்கிற அகல டயர் வேண்டும். கல்லையும் குழியையும் வாங்கிக்கொள்கிற ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வேண்டும். ஒரு விரலால் அழுத்தினாலே நிற்கிற பிரேக் வேண்டும். இறக்கத்தில் தலைகுப்புறக் கவிழாதபடி முன்சக்கரம் சற்று முன்தள்ளி நிற்கிற சட்டமும் வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் மலைச் சைக்கிள்.

1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி மண் ரோட்டில் இறக்கி ஓட்டினார்கள். 1976இல் அங்கே போட்டியும் தொடங்கியது. அந்த இறக்கத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தக் காலத்தில். ஒருமுறை இறங்கினாலே உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்', அப்படி வந்த பெயர் அது. இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச் சைக்கிள் பதக்க விளையாட்டாகிவிட்டது.

அண்ணா, முதல்ல எவ்வளவுக்கு வாங்கலாம்?

விலையைவிட எதில் செலவு செய்கிறோம் என்று பாருங்கள். முதலில் உங்கள் உயரத்துக்கு ஏற்ற சட்டம். அடுத்து ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக். அதற்கடுத்து நல்ல டயர். ஃபோர்க் எல்லாவற்றுக்கும் பிறகுதான். மலிவான ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், மூன்று மாதத்தில் இறுகியும் போகும். அதற்குப் பதில் ஃபோர்க் அசையாத சைக்கிளே மேல், கைகளாவது சரியாக வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். முன்பக்கம் ஸ்பிரிங், நடுவில் ஸ்பிரிங், பளபளவென்று பெயின்ட் என்று பன்னிரண்டாயிரத்துக்கு வருகிற சைக்கிளை மண் இறக்கத்துக்குக் கொண்டு போகாதீர்கள். நன்றாகப் பராமரித்த பழைய சைக்கிள் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஹெல்மெட் மட்டும் பழையது வாங்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

26, 27.5, 29ன்னு சொல்றாங்களே, எதை எடுக்கறது?

சக்கரத்தின் அங்குல அளவு இது. இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் 29. பெரிய சக்கரம் கல்லை எளிதாகத் தாண்டும், வேகத்தையும் தக்க வைக்கும். ஐந்தடிக்குக் கீழ் உயரம் என்றால் 27.5 வசதி. வீட்டில் பழைய 26 இருந்தால் அதை விற்க வேண்டாம், அதிலேயே ஆரம்பியுங்கள்.

எங்க ஊர்ல மலையே இல்லீங்களே, எனக்கு எதுக்குங்க இந்த சைக்கிள்?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. மலைக்குப் பக்கத்தில் இருக்கும் நானே என் சைக்கிள் ஓட்டத்தில் பெரும்பகுதியை இட்டேரியில்தான் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு மண் தடம், அதுதான் இட்டேரி. கொங்கு நாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தது. இப்போது பல இடங்களில் தார் போட்டுவிட்டார்கள், சில இடங்களில் வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டிவிட்டார்கள். ஆனாலும் தேடினால் கிடைக்கும். உங்கள் ஊரில் இட்டேரி இல்லையென்றால் ஏரிக்கரை இருக்கும், வாய்க்கால் கரை இருக்கும், தண்டவாளத்துக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை இருக்கும்.

என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஓர் இட்டேரி இருக்கிறது. மொத்தமே 900 மீட்டர் நீளம். வண்டித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மேடு நிற்கும். அந்த மேட்டின்மேல் விழாமல் ஓட்ட எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு வளைவில் வேப்பமர வேர் மூன்று குறுக்கே ஓடுகிறது; ஈரமான காலையில் அதை நேராக வெட்டித் தாண்ட வேண்டும், சாய்த்தால் சக்கரம் வழுக்கும். கடைசியில் ஓடை மணல். அங்கே உடம்பைப் பின்னால் வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். பின்னாளில் போட்டிகளில் நான் சந்தித்த சவால்களில் பாதியை இந்த 900 மீட்டரில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அதனால் மலையைத் தேடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கிற மண்ணைத் தேடுங்கள்.

இட்டேரின்னா முள்ளாச்சே? தினமும் பஞ்சர் ஆகாதா?

ட்யூப் போட்டு ஓட்டினால் ஆகும். நெருஞ்சிக்காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். அமெரிக்க சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று திட்டுவதும் இதே செடியைத்தான். வேலிகாத்தான் முள் இன்னும் மோசம், விரல் நீளத்துக்கு டயரைத் துளைத்து உள்ளே போகும்.

வழி ட்யூப்லெஸ்தான். ட்யூபை எடுத்துவிட்டு, ரிம்மில் காற்றுப் போகாத டேப் ஒட்டி, டயருக்குள் சக்கரத்துக்குச் சுமார் 100 மில்லி சீலன்ட் ஊற்ற வேண்டும். பால் மாதிரி இருக்கும், லேட்டக்ஸ் கலந்தது. முள் குத்தியதும் காற்றோடு வெளியே வந்து ஓட்டையிலேயே உறைந்துவிடும். ஒருநாள் திரும்பி வந்து முன் டயரில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு நெருஞ்சி. ஒவ்வொன்றையும் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு பொட்டு வெள்ளை, அப்புறம் ஒன்றுமில்லை. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். பையில் ஒரு ட்யூப் எப்போதும் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் சீலன்ட் நிற்காது.

காத்து எவ்வளவு அடிக்கணும்? கடைல கல்லு மாதிரி அடிச்சுக் குடுத்தாங்க.

தார் ரோட்டுக்கு அது சரி. மண்ணில் டயர் துள்ளும், வழுக்கும். 70 கிலோ எடை, 2.25 அங்குல டயர், ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ட்யூப் இருந்தால் ஆறேழு கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் மோதும்போது ரிம் ட்யூபைக் கடித்துவிடும். கட்டைவிரல் அழுத்திப் பார்க்கிற கணக்கு வேண்டாம், ஒரு சின்ன அளவுமானி வாங்குங்கள். இந்தச் சைக்கிளில் காசில்லாமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் சரியான காற்றுதான்.

இறக்கத்துல பயமா இருக்கு. முன் பிரேக்கைப் புடிச்சா தூக்கிப் போட்டுராதா?

சின்ன வயதில் நம் எல்லாரிடமும் சொல்லி வைத்த பயம் அது. உண்மையில் சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இறக்கத்தில் பின்சக்கரம் லேசாகிவிடும். அதை மட்டும் பிடித்தால் அது பூட்டிக்கொண்டு இழுபடும், சைக்கிள் நிற்காது. தூக்கிப் போடுவது உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும்போதும், பிரேக்கைத் திடீரென்று முழுசாக அழுத்தும்போதும்தான்.

சீட்டிலிருந்து எழுந்து நில்லுங்கள். இடுப்பு தாழ்ந்து சற்றுப் பின்னால், முழங்கை வெளியே விரிந்து, குதிகால் கீழே. இரண்டு பிரேக்கிலும் ஆள்காட்டி விரல் மட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். சரளையில் சைக்கிள் நேராக இருக்கும்போது மட்டும் முன் பிரேக். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் கல்மேல்தான் போய் நிற்பீர்கள்.

காலைல ஒன்பது மணிக்கு ஆபீஸ். எப்பத்தான் ஓட்டறது?

செவ்வாய், வியாழன் காலையில் ஒரு மணி நேரம் இட்டேரி. அதில் ஒருநாள் நான்கு நிமிடம் மூச்சு வாங்க மிதித்து, நான்கு நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து தடவை. சனிக்கிழமை நிதானமாக இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவேன். சுமார் 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம். தார் ரோடுதான், ஆனால் நுரையீரலுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. இடையில் மூன்று நாள் ஓய்வு. ஓய்வு நாளில் கால் வலித்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம், கால் தேறுவது அன்றைக்குத்தான்.

என்ன சாப்பிட்டுட்டுப் போறீங்க?

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் சட்டைப் பையில் கடலை மிட்டாயும் நேந்திரம் பழமும் போகும். பாட்டிலில் எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. பசிக்கிற வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை ஒரு கடி. போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றுக்குள் தள்ளாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள்ள ஓட்டலாமா? யாராவது கேப்பாங்களா?

அது தனியார் நிலம், கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதற்கு முன் நாம் கேட்டுவிட வேண்டும். எஸ்டேட் அலுவலகத்துக்குப் போய், பெயரைச் சொல்லி, எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவோம் என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். இலை பறிக்கிற நேரம், மருந்தடிக்கிற நாள் வேண்டாம். கூடையோடு வருகிற அம்மாக்களைக் கண்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். அந்தப் பாதையே அவர்கள் நடந்து உண்டானது.

அப்ப காட்டுக்குள்ள?

அனுமதி இல்லாமல் கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறையிடம் கேட்காமல் போக முடியாது. 'ஒருத்தரும் பாக்கல' என்று போய் வந்து வரைபடத்தில் தடத்தைப் போடுகிறவர்களால், முறையாகக் கேட்கிற எங்களுக்கும் கதவு மூடுகிறது. இதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

சட்டத்தை விடுங்கள், யானை இருக்கிறது. தடாகம், ஆனைகட்டி, மருதமலை அடிவாரம் எல்லாம் யானை வருகிற இடம். பைக் என்றால் சத்தம் கேட்டு அது விலகவாவது செய்யும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவைத் திரும்பி அதன் முன்னாலேயே போய் நின்றுவிடும். அதனால் அடிவாரப் பாதையில் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் போவேன், ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவேன், காதில் எதையும் மாட்டமாட்டேன், வளைவுக்கு வளைவு மணி அடிப்பேன். ஒருமுறை பாதை நடுவில் சாணம் கிடந்தது, ஆவி பறந்தது. பக்கத்தில் ஒடித்துப் போட்ட கிளையில் ஈரம்கூடக் காயவில்லை. சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பி வந்துவிட்டேன். கூட வந்த தம்பிக்கு 'கொஞ்சம் பாத்துட்டுப் போலாமே' என்று ஆசை. அன்றைக்கு அவன் என்மேல் கோபித்துக்கொண்டது எனக்குச் சம்மதமே.

நாய் துரத்தினா?

இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்து நடங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. தோட்டத்து நாய் என்றால் தோட்டக்காரரை ஒருமுறை அறிமுகம் செய்துகொள்ளுங்கள், பிறகு அவர் குரலுக்கே அது அடங்கிவிடும்.

மழைக்காலத்துல ஓட்டலாமா?

மண்ணைப் பொறுத்தது. சரளையும் செம்மண்ணும் ஒருநாள் வெயிலில் தாங்கும். கரிசலில் இறங்கவே இறங்காதீர்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு அடுக்கு ஒட்டும், பத்தடியில் டயர் தலையணை மாதிரி ஆகிவிடும், இருபதடியில் மண் ஃபோர்க்கில் முட்டிச் சக்கரம் நின்றுவிடும். அதற்கு மேல் சைக்கிள் உங்கள் தோளில்தான் வரும். ஈர இட்டேரியில் ஓட்டினால் நம் தடம் காய்ந்து வாய்க்காலாகி, மாட்டுக்கும் நடப்பவருக்கும் இடைஞ்சல். அதனால் இரண்டு நாள் பொறுங்கள்.

வால்பாறைப் பக்கம் என்றால் அட்டை ஏறும். கணுக்காலில் உப்புத்தூள் தடவிக்கொள்வது வழக்கம். வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கழுவும்போது வாட்டர் சர்வீஸ் குழாயை மட்டும் அச்சில் பிடிக்காதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

விழுந்துருக்கீங்களா? என்ன ஆகும்?

பலமுறை. பெரும்பாலும் முழங்கையும் முட்டியும் தேயும். இதில் அதிகம் உடைவது காறை எலும்பு, கையை ஊன்றி விழுகிறோம் இல்லையா. எனக்கும் ஒருமுறை உடைந்தது, ஆறு வாரம் கையைத் துணித் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டிக்கொண்டிருந்தேன். தலையில் அடிபட்டால் எழுந்து உடனே ஓட்டாதீர்கள். தலைசுற்றல், வாந்தி, நடந்தது மறந்துபோவது இதில் எது இருந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது, மருத்துவமனைக்குத்தான். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித் தலையைக் காப்பாற்றுகிறது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். பழைய ஹெல்மெட் வாங்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பிரேக்குல எண்ணெய் கொறைஞ்சு போச்சு. பைக் பிரேக் ஆயில் ஊத்திக்கலாமா?

ஊற்றுவதற்கு முன் பிரேக் என்ன மாதிரி என்று பாருங்கள். ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனி பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் (DOT) ஆயில், சிலவற்றுக்கு மினரல். பைக் கடையில் கிடைப்பது டாட். ஒன்றுக்குள் மற்றொன்று போனால் ரப்பர் சீல் கெட்டு, மொத்த பிரேக்கும் போய்விடும். என் பழைய சைக்கிள் ஒன்றை ஒரு கடையில் விட்டபோது இதுதான் நடந்தது, முன் பிரேக்கையே மாற்ற வேண்டியதாயிற்று. அதேபோல் செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது. சொட்டுச் சொட்டாக விடுகிற பாட்டிலே நல்லது.

போட்டில கலந்துக்க என்ன தகுதி வேணும்?

உள்ளூர்ப் போட்டிகளில் புதியவர்களுக்கும் வயதுக்கும் தனிப் பிரிவு இருக்கும். ஒன்றரை மணி நேரம் மண்ணில் நிற்காமல் ஓட்ட முடிந்தால் பெயர் கொடுங்கள். கிராஸ் கன்ட்ரி என்றால் நான்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் வரை உள்ள ஒரு சுற்றைப் பலமுறை சுற்ற வேண்டும். முதல் நாளே போய் அந்தச் சுற்றை இரண்டு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கடினமான இடத்தில் இறங்கி நடந்தும் பாருங்கள். என் முதல் போட்டியில் முதல் ஏற்றத்திலேயே நிறையப் பேரை முந்தினேன். மூன்றாவது சுற்றில் தொடை பிடித்துக்கொண்டது. முதல் பத்து நிமிடம் அடக்கி ஓட்டுங்கள்.

பெரிய போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தூரம் போக வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஷிப்பே கேரளத்தின் பொன்முடியில் நடந்தது.

நல்லாத்தான் ஓட்டிட்டு இருந்தேன், நடுவுல கொடி காட்டி நிறுத்திட்டாங்க. ஏன்?

அது 80 சதவீத விதி. முதலில் ஓடுகிறவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தார் என்று வையுங்கள். அதில் 80 சதவீதம் 12 நிமிடம். நீங்கள் அவரைவிட 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் அந்தச் சுற்றோடு உங்களை எடுத்துவிடுவார்கள். குறுகிய பாதையில் அவர் உங்களைப் பின்னாலிருந்து வந்து பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. முடிவுப் பட்டியலில் இத்தனை சுற்றுக் குறைவு என்று உங்கள் இடம் இருக்கும், நீக்கப்பட்டதாக அர்த்தமில்லை. இந்த விதி இல்லாத போட்டியில் பின்னால் வேகமாக வருகிறவர் 'ட்ராக்' என்று குரல் கொடுத்தால், அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

சைக்கிளை ரயில்ல எப்படிக் கொண்டு போறது?

பார்சல் அலுவலகத்தில், உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் நீங்கள் போகிற ரயிலிலேயே வரும். டிக்கெட் இல்லாமல் பார்சலாகப் போட்டால் வேறு ரயிலில் வரலாம். இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். ரயில் ஒரு நிமிடம் நிற்கிற ஸ்டேஷனுக்குப் போடாதீர்கள். இறங்கியதும் நேரே பிரேக் வேனுக்கு (லக்கேஜ் ஏற்றுகிற பெட்டி) முன்னால் போய் ரசீதோடு நில்லுங்கள்.

நான் கட்டுகிற முறை இது: பெடலைக் கழற்றிப் பைக்குள் போடுவேன். ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவேன். பின்பக்க டீரெய்லரை (கியர் மாற்றுகிற கருவி) கழற்றி, துணி சுற்றிச் சட்டத்துக்குள் தள்ளிவிடுவேன். டிஸ்க்குக்கு இரண்டு பக்கமும் அட்டை. மேலே சாக்கு, அதன்மேல் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர் பெரிய எழுத்தில். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டை ஒன்றை வையுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் டிஸ்க் உள்ளே போகாது.

இமயமலைல ஓட்டணும்னு ஆசை. நம்மளால முடியுமா?

முடியும். ஹிமாச்சலில் 2005இல் தொடங்கிய 'எம்டிபி ஹிமாலயா' என்ற மலைச் சைக்கிள் போட்டிக்கு நம் பக்கத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். சிம்லாவும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,200 மீட்டர் சொச்சம். அந்த உயரத்தில் மிதிக்க நமக்கு நீலகிரியே போதும். சிக்கல் அதற்கு மேலே. மணாலியிலிருந்து லே போகிற வழியில் பாராலாச்சா கணவாய் 4,800 மீட்டரைத் தாண்டும். அங்கே கால் பலத்தால் ஆவது கொஞ்சம்தான்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்குகிற இடத்தை ஒருநாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒருநாள் தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். அது கூடினால், நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். நல்ல உடல் பலம் இருப்பவர்களுக்கும் வரும். வேகமாக ஏறிவிடுவதால் அவர்கள் இன்னும் எளிதாக மாட்டிக்கொள்கிறார்கள்.

என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. என்கூட வரணும்கறா. கூட்டிட்டுப் போலாமா?

கூட்டிக்கொண்டு போங்கள். 24 அங்குலச் சக்கரம், முடிந்தவரை எடை குறைந்த சைக்கிள், ஃபோர்க் அசைய வேண்டியதில்லை. பிரேக் பிடியின் உள்பக்கம் ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் திருகினால் பிடி உள்ளே வரும், அவள் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு வைத்தபடியே விட்டால் அவளால் அழுத்தவே முடியாது. காற்று மேலே சொன்னதைவிட நன்றாகக் குறைத்து, பதினைந்து பிஎஸ்ஐ பக்கம் வையுங்கள்.

முதல் நாள் இட்டேரி மட்டும், அரை மணி நேரம். அவளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், வேகத்தை அவளே முடிவு செய்யட்டும். வேர் வருகிற இடத்தில் இறங்கி நடக்கிறேன் என்றால் நடக்கட்டும். தோட்டக்காரரிடம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள், காலையில் நாயைக் கட்டி வைத்திருப்பார்.